பேய்க்கணவாயின் முன்னால் அரை மணி நேரம்: சிறு பிள்ளைகளோடு மான்டரே பே அக்வேரியம்

கலிபோர்னியாவின் மான்டரே நகரில் உள்ள மான்டரே பே அக்வேரியத்துக்கு இந்த ஓராண்டில் மூன்று முறை குடும்பத்தோடு சென்று வந்துவிட்டோம். நான்கு வயது மகளுக்கும் ஏழு வயது மகனுக்கும் கடல் உயிர்களை, அவற்றிலும் குறிப்பாக எங்கள் ஊரில் பேய்க்கணவாய் என்று சொல்லும் ஆக்டோபஸை, உயிரோடு காட்ட வேண்டும் என்பதற்காகத்தான் முதல் முறை போனோம். ஆகவே இந்த மதிப்புரையும் அந்த ஒரு தேவையை வைத்தே எழுதப்படுகிறது. பெரியவர்கள் தனியாகப் போய்ப் பார்ப்பதற்கு அங்கே இன்னும் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் பள்ளிக்குப் போகத் தொடங்கும் வயதில் இருக்கும் ஒரு பிள்ளைக்குக் கடலை அறிமுகப்படுத்த ஏற்ற இடமா என்று கேட்டால், நான் பார்த்த இடங்களில் இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்று தயங்காமல் சொல்வேன். அதற்கான காரணம், அந்த இடம் பிள்ளைகளைக் காத்திருக்கப் பழக்குகிறது என்பதே.

அதற்கு முன்பு எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஆக்டோபஸ் ஒரு பிளாஸ்டிக் பொம்மைதான். பிறந்தநாளுக்கு வந்த கடல் விலங்குப் பெட்டியில் இருந்த அந்தப் பொம்மைக்கு ஆறு கைகளே இருந்தன. முகத்தில் மனிதச் சிரிப்பு வரையப்பட்டிருந்தது. தொலைக்காட்சியிலோ அது கப்பலைக் கவிழ்க்கும் பூதமாக வரும், இல்லையென்றால் எட்டுக் கைகளாலும் மேளம் கொட்டும் கோமாளியாக வரும். ஒன்று அச்சமூட்டும், மற்றொன்று சிரிக்க வைக்கும். ஆனால் தனக்கென்று ஒரு வாழ்வு உள்ள விலங்கு என்னும் எண்ணத்தை இரண்டுமே தருவதில்லை. ஒருமுறை வேறோர் ஊரில், வணிக வளாகம் ஒன்றுக்குள் இருந்த மீன் காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றோம். வண்ண விளக்குகளும் உரத்த இசையுமாக இருந்த அந்த இடத்தில் பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டித் தட்டி மீன்களை விரட்டிக்கொண்டிருந்தார்கள், அவர்களைத் தடுக்க ஒருவரும் இல்லை. என் மகளும் தட்டினாள். கடல் உயிர் என்றால் நாம் தட்டினால் அசைய வேண்டிய ஒன்று என்று அவள் கற்றுக்கொண்டு வீடு திரும்பியது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

மான்டரேயில் உள்ள இந்த அக்வேரியம் 1984 அக்டோபரில் திறக்கப்பட்டது. அது நிற்கும் இடத்தில் முன்பு ஹோவ்டன் என்பவருடைய சாளை மீன் ஆலை இருந்தது. அந்தக் கரை முழுவதும் சாளையைப் பிடித்து டப்பாவில் அடைக்கும் ஆலைகள் வரிசையாக நின்ற காலம் ஒன்று உண்டு. பின்னர் சாளை வரத்து அற்றுப்போய் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பழைய ஆலையின் கொதிகலன்களை அக்வேரியத்தில் இன்றும் அப்படியே வைத்திருக்கிறார்கள். தூத்துக்குடியில் வளர்ந்த எனக்கு, மீன் தீர்ந்துபோன ஒரு கரையில் மீனைப் பார்ப்பதற்கென்று ஒரு வீடு எழுந்திருப்பது மனத்தைத் தொட்டது. ஏழு வயதுப் பையனுக்கு இதைச் சொன்னால் புரிகிறது, “எல்லாத்தையும் பிடிச்சுட்டாங்களா அம்மா?” என்று அவன் கேட்டதிலிருந்தே அது தெரிந்தது.

மற்ற காட்சியகங்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது தண்ணீர். வெளியே தெரியும் அதே வளைகுடாவிலிருந்துதான் தொட்டிகளுக்குக் கடல் நீரை இறைக்கிறார்கள். பகலில் பார்வையாளர்களுக்குத் தெளிவாகத் தெரிவதற்காக நீரை வடிகட்டுகிறார்கள். இரவில் வடிகட்டாமலே விடுகிறார்கள். அப்போது நீரோடு வரும் நுண்ணுயிர்கள் தொட்டி விலங்குகளுக்கு உணவாகின்றன, கூடவே வரும் குஞ்சுகளும் வித்துகளும் பாறைகளில் தாமாகவே ஒட்டி வளர்கின்றன. கெல்ப் என்னும் பெருங்கடற்பாசிக் காட்டைக் காட்டும் தொட்டி 8.5 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 13 லட்சம் லிட்டர் கொள்ளளவும் கொண்டது. மேற்கூரை இல்லாததால் வெயில் நேரே உள்ளே இறங்குகிறது. அலையை உண்டாக்கும் இயந்திரம் ஒன்று நீரை ஓயாமல் அசைத்துக்கொண்டே இருக்கிறது, ஏனென்றால் நீர் அசையாவிட்டால் கெல்ப் உணவெடுக்க முடியாது. அந்தத் தொட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்து மேலே பார்த்தால், பொன்பழுப்பு நிற இலைகளுக்கு இடையே வெயில் உடைந்து இறங்குவதும், சுறாவும் சாளைக் கூட்டமும் தத்தம் வழியில் போவதும் தெரியும். என் மகள் வாய் திறக்காமல் பத்து நிமிடம் அங்கே உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளை நேரே ஆக்டோபஸிடம் அழைத்துச் செல்லாமல் முதலில் இங்கே உட்கார வைக்க வேண்டும் என்பது என் உறுதியான பரிந்துரை. இங்கே கண் நிதானப்பட்ட பிறகு போனால்தான் அங்கே பார்க்கப் பொறுமை இருக்கும்.

இனி ஆக்டோபஸ். இங்கே இருப்பது பசிபிக் பெரும் ஆக்டோபஸ் என்னும் இனம், ஆக்டோபஸ்களில் மிகப் பெரியது. வளர்ந்த ஒன்றின் கைகளை விரித்தால் நான்கு மீட்டருக்கும் மேல் போகலாம். ஆனால் நாங்கள் முதல் முறை சென்றபோது கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்தது பாறை இடுக்கில் சுருண்டிருந்த செம்பழுப்பு நிறக் குவியல் ஒன்று மட்டுமே. வந்தவர்கள் பெரும்பாலும் “தூங்குது” என்ற பொருள்பட ஒரு சொல் சொல்லிவிட்டு அரை நிமிடத்துக்குள் நகர்ந்தார்கள். என் மகனும் நகரப் பார்த்தான். அருகே நின்றிருந்த வயதான தன்னார்வலர் ஒருவர் அப்போது குனிந்து, “அதன் கண் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்கிறாயா?” என்று அவனிடம் கேட்டார். அவ்வளவுதான். கண்ணைத் தேடிக் கண்டுபிடிக்க அவனுக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. கிடைமட்டமாகக் கோடு போட்டது போன்ற அந்தக் கருவிழியைக் கண்டதும், அது தன்னைத்தான் பார்க்கிறது என்று முடிவு செய்து அங்கேயே நின்றுவிட்டான். விவரங்களை ஒப்பித்துப் பிள்ளைகளைத் திணறடிக்காமல், கேள்வி ஒன்றைக் கொடுத்து அவர்களைப் பார்க்க வைக்கும் இந்த முறையை அங்குள்ள தன்னார்வலர்கள் வேறு இடங்களிலும் கையாளுவதைப் பிறகு கவனித்தேன். அந்த இடத்தின் மிகப் பெரிய பலம் என்று நான் கருதுவது இதைத்தான்.

இருபது, இருபத்தைந்து நிமிடம் கழிந்திருக்கும். ஒரு கையின் நுனி மட்டும் மெல்லப் பிரிந்து, பாறையைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தது. உடலின் மற்றப் பகுதிகள் அசையவே இல்லை. ஆக்டோபஸின் கைகளுக்கு இப்படித் தனியே இயங்கும் ஆற்றல் உண்டு: அதிகமாக ஆராயப்பட்டுள்ள சாதாரண ஆக்டோபஸுக்குச் சுமார் 50 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன, அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தலையில் அல்லாமல் கைகளிலேயே இருக்கின்றன. கையில் உள்ள உறிஞ்சிகள் பிடிப்பதோடு நிற்பதில்லை, தொட்ட பொருளைச் சுவைக்கவும் செய்கின்றன. “அதுக்குக் கை முழுக்க நாக்கு” என்று மகளிடம் சொன்னேன். தன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்போ கசப்பு மருந்தைத் தொட்டா?” என்று கேட்டாள். நான்கு வயதுப் பிள்ளை ஓர் அயல் உயிரின் உடலுக்குள் புகுந்து நினைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டதற்கு இதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்?

பிறகு தோல் நிறம் மாறியது. வெளிறிய பழுப்பிலிருந்து அடர்சிவப்புக்கு ஒரு நொடியில் போயிற்று. வழவழப்பாக இருந்த தோலில் முட்கள் போன்ற மேடுகள் எழுந்தன. தோலுக்குள் உள்ள நிறப்பைகளைத் தசைகளால் விரித்தும் சுருக்கியும் அது நிறத்தை மாற்றுகிறது. நிறங்களைப் பிரித்தறியும் கண்ணமைப்பு அதற்கு இல்லை என்பதையும், அப்படியிருந்தும் சூழலோடு இவ்வளவு நுட்பமாகக் கலந்துவிடுகிறது என்பதையும் மகனுக்குச் சொன்னபோது அவனுக்கு அது பெரும் புதிராகிவிட்டது. ஆய்வாளர்களுக்கும் அது இன்னும் முழுதாக அவிழாத புதிர்தான் என்று சொல்லி வைத்தேன். பெரியவர்கள் எல்லாவற்றையும் அறிந்து முடித்துவிடவில்லை என்று பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது என்று நினைக்கிறேன். மூன்று இதயங்கள், தாமிரம் கலந்திருப்பதால் நீலமாக இருக்கும் ரத்தம், அலகைத் தவிர உடலில் கெட்டியான பாகம் எதுவும் இல்லாததால் அலகு நுழையும் துளையில் முழு உடலும் நுழைந்துவிடும் என்ற செய்தி ஆகியவை பையன்களுக்கு உடனே பிடித்துப்போகும். நியூசிலாந்தின் நேப்பியர் நகரக் காட்சியகத்திலிருந்து இங்கி என்ற ஆக்டோபஸ் தொட்டியின் இடுக்கு வழியாக வெளியேறி, தரையில் ஊர்ந்து, வடிகால் குழாய் வழியாகக் கடலுக்கே போய்விட்ட செய்தி 2016இல் வெளியானது. வீடு திரும்பும் வழி முழுவதும் அந்தக் கதையை நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

கண்ணாடியைத் தட்டும் பழக்கமும் இங்கேதான் தீர்ந்தது. சியாட்டில் அக்வேரியத்தில் இதே இனத்தைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரி உடையணிந்த இருவரில் ஒருவர் எப்போதும் உணவு கொடுத்தார், மற்றவர் எப்போதும் முரட்டு நார்க் குச்சியால் லேசாகத் தொட்டுத் தொந்தரவு செய்தார். இரண்டு வாரங்களுக்குள் ஆக்டோபஸ்கள் இருவரையும் அடையாளம் கண்டு, ஒருவரை நோக்கி வரவும் மற்றவரிடமிருந்து விலகவும் தொடங்கின. இதைக் கேட்ட என் மகள் ஓங்கிய கையை இறக்கிக்கொண்டாள். தட்டக் கூடாது என்று நூறு முறை சொன்னாலும் கேட்காத பிள்ளை, உன்னை அது நினைவில் வைத்துக்கொள்ளும் என்று ஒரு முறை சொன்னவுடன் கேட்டது.

இரண்டாம் முறை சென்றபோது தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த என் அம்மாவும் உடன் வந்தார். தொட்டியைப் பார்த்ததும், “இது நம்ம பேய்க்கணவாய்லா!” என்றார். பேய் என்ற சொல்லைக் கேட்டுப் பிள்ளைகள் சற்று மிரண்டார்கள். அம்மா அவர்களை உட்கார வைத்து, பேய்ச்சுரை, பேய்ப்புடல், பேயத்தி என்றெல்லாம் சொல்வது போலத்தான் இதுவும், வீட்டுக்கு ஆகாமல் காட்டில் தானாக வளர்வதை அப்படிச் சொல்வோம் என்று விளக்கினார். ஊசிக்கணவாய்க்கு உள்ளே மெல்லிய தண்டு இருக்கும், ஓட்டுக்கணவாய்க்கு உள்ளே வெள்ளை ஓடு இருக்கும், அந்த ஓட்டைத்தான் கிளிக்கூண்டில் கொத்துவதற்கு வைப்பார்கள், பேய்க்கணவாய்க்கு மட்டும் உள்ளே ஒன்றுமே கிடையாது என்று அம்மா சொன்னது, எந்தத் தகவல் பலகையும் தராத பாடமாக இருந்தது. விலங்கியல் நூல்கள் ஒரே வகுப்பில் வைக்கும் மூன்று உறவினர்களை எங்கள் கடற்கரை மக்களும் கணவாய் என்ற ஒரே குடும்பப் பெயருக்குள் வைத்து, உள்ளே இருப்பதையும் இல்லாததையும் கொண்டு பிரித்திருக்கிறார்கள். வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்குக் கடலை அறிமுகப்படுத்தும்போது இந்தப் பெயர்களையும் சேர்த்தே கொடுத்துவிட வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். இப்போது என் மகன் பள்ளியில் ஆக்டோபஸ் என்கிறான், வீட்டில் பேய்க்கணவாய் என்கிறான்.

ஒரு கேள்விக்குப் பெற்றோர் முன்கூட்டியே ஆயத்தமாக இருப்பது நல்லது. “இதோட அம்மா எங்கே?” என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். இந்த இனத்தின் வாழ்நாளே மூன்று முதல் ஐந்து ஆண்டுகள்தான். தாய் தன் வாழ்வில் ஒரே ஒரு முறை பல்லாயிரம் முட்டைகளை இடுகிறது. ஒவ்வொன்றும் அரிசி மணி அளவு. அவற்றைச் சரம்சரமாகக் குகையின் கூரையில் தொங்கவிட்டு, உணவு எடுக்காமல் அரை ஆண்டுக்கும் மேல் நீரை ஊதியும் தடவிக்கொடுத்தும் காத்திருந்து, குஞ்சுகள் வெளிவரும் வேளையில் இறந்துவிடுகிறது. நான் இதை மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஓர் அரிசி மணியை மகளின் உள்ளங்கையில் வைத்து, அவ்வளவு பெரிய விலங்கு இதிலிருந்துதான் வந்தது என்று காட்டினேன். அம்மா இல்லாமலே அது தானாக வளர்ந்தது என்றும் சொன்னேன். அவள் அழவில்லை. அந்த அரிசியைச் சிறு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள்.

மகனுக்கு இதன் தொடர்ச்சியாக இன்னொன்றும் சொன்னேன். அக்வேரியத்தை உருவாக்க நிதி அளித்த டேவிட் பேக்கர்டு 1987இல் அதன் உடன்பிறப்பு போன்ற கடல் ஆய்வு நிறுவனம் ஒன்றையும் தொடங்கினார். அந்த ஆய்வாளர்கள் மான்டரே ஆழ்கடல் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 1,400 மீட்டர் ஆழத்தில், முட்டைகளைக் காத்துக்கொண்டிருந்த ஆழ்கடல் ஆக்டோபஸ் ஒன்றை 2007இல் கண்டார்கள். இயந்திரக் கலத்தை மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்த்தபோதெல்லாம் அதே தாய் அதே பாறையிலேயே இருந்தது; 2011 வரை, 53 மாதங்கள். விலங்குலகில் இவ்வளவு நீண்ட அடைகாப்பு வேறெதற்கும் பதிவானதில்லை என்று 2014இல் அறிவித்தார்கள். 2018இல் வேறோர் ஆய்வுக் குழு, இதே கரைக்கு அப்பால் டேவிட்சன் கடலடி மலையின் அருகே, 3,200 மீட்டர் ஆழத்தில் ஆயிரக்கணக்கான ஆக்டோபஸ்கள் கூடி முட்டையிடும் இடம் ஒன்றைக் கண்டது. பாறை வெடிப்புகளில் கசியும் இளஞ்சூட்டு நீர் முட்டைகளை விரைவாகப் பொரிய வைக்கிறது. நாம் நின்று பார்க்கும் சாளரத்துக்கு அப்பால் தெரிகிற அந்தக் கடலின் அடியில்தான் இவை இருக்கின்றன என்று சுட்டிக்காட்ட முடிவது, கடலை விட்டுத் தொலைவில் கட்டப்பட்ட எந்தக் காட்சியகத்துக்கும் கிடைக்காத வசதி.

தொட்டுப் பார்க்கும் குளங்கள் நான்கு வயதுக்கு மிகவும் ஏற்றவை. நட்சத்திர மீன், கடல் அட்டை, திருக்கை ஆகியவற்றை ஈர விரலால் மெல்லத் தடவ விடுகிறார்கள், பக்கத்திலேயே ஆள் நின்று கவனிக்கிறார். தன் ஓட்டின் மேல் பாசியையும் பஞ்சுயிரிகளையும் ஒட்டிக்கொண்டு மறையும் நண்டு ஒன்றைப் பார்த்துவிட்டு, பேய்க்கணவாய் தோலால் ஒளிகிறது, இது சட்டை போட்டு ஒளிகிறது என்று மகன் சொன்னான். கடல் நீர்நாய்களைப் பார்க்க எப்போதும் கூட்டம் இருக்கும். தாயை இழந்த குட்டிகளை வளர்ப்புத் தாய் நீர்நாய்களிடம் விட்டு வளர்த்துக் கடலுக்குத் திருப்பி அனுப்பும் அவர்களுடைய பணிக்காகவே அங்கே ஒரு முறை நிற்கலாம். ஜெல்லி மீன் கூடம் அழகானது, இருட்டானது; மகள் அங்கே என் கையை விடவில்லை. 2022இல் திறக்கப்பட்ட ஆழ்கடல் பகுதியும் இருட்டுதான். ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதைப் பரிந்துரைப்பேன், அதற்குக் குறைந்தவர்களை அடுத்த முறைக்கு விட்டுவிடலாம்.

ஒரே நாளில் அனைத்தையும் பார்த்துவிட முயல்வதுதான் பெற்றோர் செய்யும் தவறு. சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் கெல்ப் காடு, ஆக்டோபஸ், தொடு குளம் என்ற மூன்றோடு நிறுத்திக்கொண்டு, நடுவே வெளித்தளத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் போதும். வார நாளில், திறந்தவுடன் போவது நல்லது. அப்போதுதான் ஆக்டோபஸின் முன்னால் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் அரை மணி நேரம் நிற்க முடியும். சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். பெரியவர்களுக்கான கட்டணம் ஒரு குடும்பத்துக்குச் சற்றுப் பெரிய செலவுதான், ஆனால் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஓராண்டுக்குள் இரண்டு, மூன்று முறை போகும் எண்ணம் இருந்தால் உறுப்பினராகிவிடுவதே மேல். மீண்டும் மீண்டும் போகலாம் என்ற உறுதி இருந்தால்தான் “காசு கொடுத்தோமே, எல்லாவற்றையும் பார்” என்று பிள்ளைகளை அவசரப்படுத்த மாட்டோம். ஆக்டோபஸைப் படம் எடுப்பதானால் பிளாஷைக் கட்டாயம் அணைத்துவிட வேண்டும்.

நேரில் போக முடியாதவர்களுக்காகக் கெல்ப் காடு, ஜெல்லி மீன், நீர்நாய் ஆகியவற்றை அக்வேரியத்தின் இணையதளத்தில் கட்டணமின்றி நேரலையாகக் காட்டுகிறார்கள். அங்கே காலை விடியும்போது நம் ஊரில் இரவு ஆகியிருக்கும். ஊருக்குத் திரும்பிய என் அம்மா சாப்பாட்டை முடித்துவிட்டு அதைப் பார்க்கிறார்.

மூன்றாம் முறை நாங்கள் போனபோது பேய்க்கணவாய் விழித்திருந்தது. கண்ணாடியின் மேல் எட்டுக் கைகளையும் விரித்து, உறிஞ்சிகளை ஒவ்வொன்றாக ஒட்டியும் எடுத்தும் குறுக்கே நகர்ந்தது. மகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கு கண்ணாடியில் படாத அளவுக்குத் தள்ளி நின்று, ஒரு கையில் இருந்த உறிஞ்சிகளை மெல்லிய குரலில் தமிழில் எண்ணத் தொடங்கினாள். முப்பத்தொன்பது வரை அவளுக்கு எண்ணத் தெரியும். அதற்குப் பிறகு அண்ணன் எண்ணினான்.